இளம்பிள்ளைவாதத்தை வென்ற இரு துளிகள்

இளம்பிள்ளைவாதத்தாற் கால் சூம்பிய குழந்தையை எம்போன்ற இளைஞர் கண்டதில்லை. எமது முதியோர் அப்பாக்கியம் பெற்றவரல்லர். 1962ஆம் ஆண்டில் அந்நோய் இலங்கையிற் பெருவாரியாகப் பரவி, 1,810 பேரைப் பீடித்ததாகப் பதிவாயிற்று. மாசடைந்த நீர், உணவு, கைகள் வழியாக வாயிற் புகும் அக்கிருமி, குடலிற் பெருகிச் சிலருக்கு நரம்புகளையும் தாக்கும். முடங்கிய அவயவத்தை மீட்கும் மருந்து இன்றும் இல்லை. வருமுன் காத்தலே வழி.

அதே 1962இல் வாய்வழிச் சொட்டு மருந்து எமது நாட்டில் அறிமுகமாயிற்று. அல்பேர்ட் சேபின் என்னும் அமெரிக்க அறிஞர், உயிருள்ள கிருமியை வலுக்குன்றச் செய்து ஆக்கியது அது. ஊசி வேண்டியதில்லை, வாயில் இரு துளி விட்டாற் போதும். ஆயினும் அதனைப் பலமுறை கொடுத்தல் வேண்டும். வெப்பம் பட்டால் அதன் வீரியம் கெடும். ஆதலாற் குளிர்ப்பெட்டியில் வைத்தே ஊரூராய்க் கொண்டுசெல்லல் வேண்டும்.

ஆகவே, மருந்து நாட்டுக்கு வந்த நாள் வேறு. கடைசிக் குடிசைக்கு வந்த நாள் வேறு. 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. மருத்துவமாதர் வீடுதோறும் சென்று பிள்ளைகளைக் கணக்கெடுத்தனர். 1993க்குப் பின் இந்நோயாளர் எவரும் இங்கு பதிவாகவில்லை. 1995இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாவருக்கும் ஒரே நாளிற் சொட்டு மருந்து கொடுக்கும் தேசிய தினங்கள் தொடங்கின. அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் பிள்ளைகளின் பொருட்டுத் துப்பாக்கிகளை மௌனமாக்க இரு தரப்பாரும் இணங்கினர். போரின் கொடுமையறிந்த எமது மாங்கேணிப் பகுதியார்க்கு அதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ? 2014 மார்ச் 27ஆந் திகதி, இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் இந்நோயற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2015இல் இந்நோய்க்கான ஊசி மருந்தும் திட்டத்திற் சேர்ந்தது.

இவ்வெற்றியினுள்ளே ஓர் ஆபத்தும் உண்டு. நோயைக் காணாத தாய், நோய்க்கு அஞ்சாது ஊசியால் வரும் ஒருநாட் காய்ச்சலுக்கே அஞ்சுவாள். புதிய தடுப்பூசி எது வரினும் இத்தடை எழும். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் அடியோடு ஒழியவில்லை. கடலும் வாவியும் அதற்கு அரண் ஆகா. எனவே, முதியோரே, தாங்கள் கண்டதை இளந்தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இளைஞர்காள், எமது தம்பி தங்கையரின் சுகாதார அட்டையில் ஒரு கட்டமேனும் வெறுமையாய் இராதவாறு பார்ப்போமாக!