சூப்பிப் போத்தலும் சோற்றுக் கவளமும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையே எண்ணி வந்துள்ளனர். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தமை, 1782இல் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் கோட்டையைக் கைப்பற்றியமை, 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து துறையைப் பறித்தமை, 1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை, 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் கையளித்தமை என்று அந்த வரலாறு நீண்டு செல்லும். ஆனால் அத்துறைமுகத்தின் கரையிலே பிறந்த குழந்தையின் வாயில் முதலிற் சென்றது எது, ஆறாம் மாதத்தில் சென்றது எது, அதை அங்கு கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்ற வினாக்களை எந்த வரலாற்றாசிரியரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இதுவும் வரலாறுதான் என்பது எமது எண்ணம். பேரரசுகளின் வரவு செலவுக் கணக்கு அடுப்படியிலும் எழுதப்படுகிறது அன்றோ?

போத்தல் வருமுன் இம்மண்ணில் இருந்த முறையை முதலில் நோக்குவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறாவை வறையாக்கிக் கொடுப்பார்கள். உள்ளியும் முருங்கையிலையும் சேரும். மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்த பத்தியக்கறி தனியே கொதிக்கும். தாய்ப்பால் போதாவிடின், அல்லது மருந்து பருக்க வேண்டுமெனின், சங்கு எனப்படும் பாலாடை எடுக்கப்படும். அகன்ற வாயும் சிறு மூக்கும் உடைய அந்த ஏனத்தில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பின்னர் ஒரு நாள் பார்த்துக் கோயிலிலோ வீட்டிலோ சோறு தீத்துவார்கள். அன்றுமுதல் குழைத்த சோறும், குரக்கன் கூழும், பயறும், முள் நீக்கிய மீனும் சிறுகச் சிறுகப் பிள்ளையின் உணவாகும். தம்பலகாமத்தின் வயலும் கொட்டியாரக் குடாவின் வலையும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைப்பட்டிகளும் இதற்கு வேண்டியவற்றைத் தந்தன.

பழமையைப் புகழ்ந்து பாடுவது எமது நோக்கமன்று. 1935இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவிய ஆண்டு அது என்பது உண்மை. ஆயினும் 1946இற்கூட அத்தொகை 141 ஆகவே இருந்தது. அடுத்த ஆண்டில் 101 ஆக வீழ்ந்தது. டீ.டீ.ரீ. தெளிப்பும், அரச மருத்துவமனைகளும், வீடு தேடிச் சென்ற மருத்துவமாதும் சாதித்தவற்றைப் பால்சுறாவும் பத்தியக்கறியும் தனித்துச் சாதித்திருக்க முடியாது. எனவே எமது வழக்கு, பழைய முறைக்கும் புதிய விஞ்ஞானத்துக்கும் இடையிலானதன்று. விஞ்ஞானத்தின் பெயரால் வணிகம் நுழைந்த வழியையே நாம் ஆராய்கிறோம்.

சுவிற்சர்லாந்தின் ஷாம் நகரில் 1866இல் அமெரிக்கச் சகோதரர் இருவர் தகரத்தில் அடைத்த கட்டிப்பாலை உற்பத்தி செய்யத் தொடங்கினர். அடுத்த ஆண்டு வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சீனியும் கலந்த குழந்தை மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரு கொம்பனிகளும் 1905இல் ஒன்றாயின. 1906இலேயே அக்கொம்பனியின் வணிகம் இலங்கையில் கால்பதித்தது. திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைகளுள் ஒன்றாயினும் அது போர்க்கப்பல்களின் துறையாகவே வைத்திருக்கப்பட்டது. சரக்குக் கப்பல்கள் நாடியது கொழும்பை. ஆகவே ரின்பால் இங்கு கடல்வழி வந்ததைவிட, 1927இல் போடப்பட்ட தண்டவாளத்தின் வழி வந்ததே அதிகம் என்று கொள்வதில் தவறில்லை. துறைமுகத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, பால் தகரத்துக்கு மலைநாட்டுக்கு அப்பால் உள்ள இன்னொரு துறைமுகத்தை நம்பியிருந்த ஊர் இது!

அந்தத் தகரத்தினுள் இருந்தது என்ன? சீனி மிகுந்த கட்டிப்பால். அதிலும் மலிவானது, வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பாலிலிருந்து ஆக்கப்பட்டது. கொழுப்பும் அதனோடு சேர்ந்த ஏ உயிர்ச்சத்தும் அதில் இல்லை. இங்கிலாந்திலே இத்தகைய தகரங்களின்மேல் ‘குழந்தைகளுக்கு உதவாது’ என்று அச்சிட வேண்டுமென 1923இல் விதி செய்தனர். எழுத்தறிவில்லாத தாய் ஒருத்தி அந்தத் தகரத்தை வாங்கினால் அந்த எழுத்து அவளுக்கு என்ன சொல்லும்? அவள் கண்டது தகரத்தின்மேல் இருந்த படத்தை மட்டுமே.

இக்கொடுமையை முதலில் பகிரங்கமாகச் சொன்னவர்களுள் ஒருவர் ஜமேக்காவில் பிறந்த டொக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஆபிரிக்காவின் பொற்கரையில் புரதக் குறைவால் வரும் குவாஷியோர்க்கர் நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கு தாய்ப்பாலை விட்டு ரின்பாலுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் மடிவதைக் கண்டு, 1939இல் சிங்கப்பூர் றோட்டறிக் கழகத்தின் கனவான்கள் முன்னிலையில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். தவறான விளம்பரத்தால் நிகழும் இச்சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டுமென்பது அவரது வாதம். அவரை அழைத்த கழகத்தின் தலைவர் நெஸ்லே கொம்பனியின் உயர் அலுவலர் என்பதையும் இங்கு குறித்துவைப்போம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; அம்மையார் ஜப்பானியரின் சிறையில் அடைபட்டார். தளம் இழந்த பிரித்தானியக் கடற்படை இலங்கையை நாடியது. திருகோணமலைத் துறையில் கப்பல்கள் நிறைந்தன.

கப்பல் வந்தால் கூலி வரும். கடற்படைத் தளத்திலும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளிலும் உழைக்கப் பல ஊர்களிலிருந்தும், கடல்கடந்து தென்னிந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். வயலும் பட்டியும் விட்டு வந்தவனுடைய மனைவிக்கு மாமியும் இல்லை, பத்தியம் வைக்கத் தாயும் இல்லை. கையில் காசு இருந்தது. கடையில் தகரம் இருந்தது. துரைமாரின் பங்களாவில் எது குழந்தைக்கு ஊட்டப்பட்டதோ அதுவே உயர்ந்ததென்ற மயக்கமும் சேர்ந்தது. சூப்பிப் போத்தல் ஒரு நாகரிகச் சின்னமாயிற்று. 1957இல் தளம் கைமாறியது, கூலி போனது. போத்தல் போகவில்லை.

நிற்க. பாலைப் பற்றி மட்டும் பேசினால் கதை பாதிதான். திண்ம உணவை எப்போது தொடங்குவது என்பதில் அறிஞர்களின் சொல்லும் நூறாண்டுக்குள் எத்தனை முறை தடம் மாறியிருக்கிறது! 1894இல் நியூயோர்க் மருத்துவர் எம்மெற் ஹோல்ற் தாய்மாருக்கு எழுதிய கைநூலின் காலத்தில், முதலாண்டின் பெரும்பகுதிக்குப் பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாமென்பதே பொதுப்போக்கு. 1928இல் கிளாரா டேவிஸ் என்ற அம்மையார் ஒரு புதுமை செய்தார். அப்போதுதான் பால் மறந்த குழந்தைகளின் முன் இயற்கை உணவுகள் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, விரும்பியதைத் தாமே எடுத்துண்ண விட்டார். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. அந்தக் கிண்ணங்களில் சீனிப்பண்டமோ தகரச் சரக்கோ இருக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதே 1928இல்தான் அமெரிக்காவில் கேபர் கொம்பனி தகரத்தில் அடைத்த குழந்தை உணவை விற்கத் தொடங்கியது. 1950களில் மியாமி மருத்துவர் வோல்ற்றர் சக்கெற், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியக் கூழ் ஊட்டலாமென்று எழுதினார்! உலக சுகாதாரப் பேரவை 2001இல்தான் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் ஏனைய உணவு என்று உறுதிசெய்தது. எமது கிராமத்துக் கிழவி சோறு தீத்த நாள் குறித்தபோது ஏறத்தாழ அதே இடத்தில்தான் நின்றாள். அவளுக்குச் சந்தை இருக்கவில்லை. பிழைவிட அவளுக்கு வேறு காரணங்கள் இருந்தன, இந்த ஒன்று மட்டும் இருக்கவில்லை.

ஆறு மாதம் என்பதில் மந்திரம் எதுவுமில்லை. பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய அவ்வேளையில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலுக்கு மேலாக ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் உணவிலிருந்து வரவேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். குழந்தையின் இரைப்பையோ சிறியது. இங்கேதான் சூப்பிப் போத்தல் தன் வேலையைக் காட்டுகிறது. அழுதவுடன் போத்தல், உறங்கப் போத்தல், சோற்றைத் துப்பினால் அதற்கும் போத்தல் என்றானபின் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? பசியில்லாத பிள்ளை சோற்றை மறுக்கிறது. மறுத்ததைக் கண்ட தாய் மேலும் பால் கொடுக்கிறாள். பசுப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அது மிகுந்தால் கொழுத்த கன்னமும் வெளுத்த இமையும் கொண்ட குருதிச்சோகைப் பிள்ளையே மிஞ்சும். வாயில் போத்தலோடு உறங்கும் பிள்ளையின் முன்பற்கள் சிதைவதும் இதன் பகுதியே. பரிகாரம் எளிது: முதலில் சோறு, பிறகு பால், பாலையும் கோப்பையில், இரவுப் போத்தலை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒரு வயதளவில் சூப்பியை விட்டொழிப்பது. பிள்ளை புதிய உணவை முதற்றடவை துப்பினால் அது வெறுப்பன்று. எட்டுப் பத்து முறை கொடுத்தபின் பழகும். எளிதென்று சொல்கிறோம், செய்வதற்கு வேண்டியது பொறுமையும் நேரமும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது என்பதற்குப் பின்னர் வருவோம்.

இத்துறைமுகம் அளித்த திண்ம உணவும் ஒன்று உண்டு. 1980களில் சீனன்குடாவில் இயங்கத் தொடங்கிய பிரிமா மாவாலைக்குக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்குகிறது. மாவு விசுக்கோத்தாகிறது, விசுக்கோத்தைப் பாலில் ஊறவைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். கடலிலே மீன், கரையிலே கோதுமைக் கப்பல். பிள்ளையின் கிண்ணத்தில் சேர்ந்தது இரண்டாவது. மீனில் முள் எடுக்க வேண்டும், குழைக்க வேண்டும், அருகில் இருந்து தீத்த வேண்டும். விசுக்கோத்துக்கு இவை எதுவும் தேவையில்லை.

கொம்பனிகளுக்கு எதிரான கிளர்ச்சி 1974இல் இலண்டனிலும் பேர்ணிலும் வெளியான சிறு பிரசுரங்களிலிருந்து மூண்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பகிஷ்காரம் தொடங்கியது. 1981 மே 21ஆம் நாள் ஜெனீவாவில் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுங்குக்கோவை 118 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே. அது அமெரிக்க ஐக்கிய நாடு. போத்தலும் சூப்பியும் அக்கோவைக்கு உட்பட்டவை. இலங்கை விரைந்து தன் கோவையை ஆக்கிய நாடுகளுள் ஒன்று. அதன் பலனும் தெரிகிறது: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 2006–07 கணக்கெடுப்பில் 76 வீதம், 2016இல் 82 வீதம். இது பெருமைக்குரிய தொகை. ஆனால் முன்வாசல் அடைபட்ட வணிகம் பின்வாசலைத் தேடியது. ஆறு மாதத்தின் பின்னர், ஒரு வயதின் பின்னர் என்று இலக்கமிட்ட ‘வளரும் பால்மா’க்கள் தோன்றின. சோறு தொடங்க வேண்டிய அதே வாரத்தில் தகரம் வீட்டுக்குள் வருகிறது. மூன்று வயது வரைக்குமான பால்மாக்களும் தாய்ப்பாலுக்கு மாற்றுப் பொருட்களே என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவுபடுத்த நேர்ந்தது இதனாலேயே.

போரும் கடலும் இம்மாவட்டத்தை வாட்டியதை வாசகர் அறிவர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரைவிட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தனர். இத்தகைய வேளைகளில் தர்ம சிந்தையோடு அனுப்பப்படும் பால்மாவே நஞ்சாகக் கூடும். அதே 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவை நிலநடுக்கம் உலுக்கியபின் செய்யப்பட்ட ஆய்வில், நன்கொடைப் பால்மா பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம் பெறாதோரிலும் இரு மடங்காக இருந்தது. பாதையோரத்தில் நீரைக் கொதிக்கவைப்பது எங்ஙனம்? சூப்பியின் துளையைக் கழுவுவது எங்ஙனம்? பின்னர் 2022இன் நெருக்கடி வந்தது. முந்திய ஆண்டு ஒக்டோபர்வரை 380 ரூபாவாக இருந்த 400 கிராம் சாதாரணப் பால்மாப் பொதி மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. அதற்கும் வரிசை நின்றது. போத்தலுக்குப் பழகிய பிள்ளையுள்ள வீட்டில் பாலில் நீரின் பங்கு கூடும். சோளமும் சோயாவும் கலந்து 1973முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷ மாவுக்கும் அவ்வேளை தட்டுப்பாடு. போத்தல் இன்றிக் கையாற் குழைத்து உருட்டிக் கொடுக்கக்கூடிய உணவு அது.

இனி நேரத்தின் கணக்குக்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அரசின் மருத்துவமாது சொல்கிறார். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமோ, தனியார்துறைத் தொழிலாளிப் பெண்ணுக்கு இன்று தருவது பன்னிரண்டு வாரம். அதிலும் இரண்டு வாரம் பேற்றுக்கு முன் கழியும். மூன்றாவது பிள்ளைக்கும் அதே பன்னிரண்டு வாரம் கிடைத்தது 2018இன் திருத்தத்தின் பின்னரே. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளில் இரு இடைவேளைகள் உண்டு; பிள்ளை எங்கே, தொழிற்சாலை எங்கே என்று சட்டம் கேட்பதில்லை. கருவாடு காயவைப்பவளுக்கும், தம்பலகாமத்து வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்குபவளுக்கும் இந்தப் பத்து வாரமும் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் தாய்மார் விடயத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ளவர்கள் போகலாகாதென்று 2013இல் அரசு தடைவிதித்தது; நாட்டுக்கு அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அதே அரசு அதனைத் தளர்த்தியது. அவள் போனபின் பிள்ளையை ஏற்கும் அம்மம்மாவின் கையில் இருப்பது சூப்பிப் போத்தல்தான். மாதாமாதம் வரும் காசில் முதலில் வாங்கப்படுவது பால்மா.