ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்

உழவர்கள் தங்கள் விளைபொருளைச் சரியான எடையில், வணிகர்கள் போட்டியிடும் ஏலத்தில் விற்பதற்காகச் சட்டப்படி நிறுவப்படும் சந்தை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எனப்படும். தமிழ்நாட்டில் பருத்தி, நிலக்கடலை, மஞ்சள், எள், கொப்பரை, நெல் முதலியன இங்கு விற்பனைக்கு வருகின்றன. விற்பனைக்குழுக்கள் இக்கூடங்களை நிர்வகிக்கின்றன.

தோற்றம்

பழைய சந்தைகளில் தரகர்கள் துணிக்கடியில் கைவிரல்களைப் பிடித்து விலை பேசுவது உண்டு. என்ன விலைக்குப் பேசி முடித்தார்கள் என்பது விளைவித்தவருக்கே தெரியாது. தரகு, மகமை, மாதிரி, கழிவு என்று பல பெயர்களில் அவர் பணத்திலும் பொருளிலும் பிடித்தம் நடந்தது.

இந்தியாவில் சந்தை ஒழுங்குமுறை பருத்தியில் தொடங்கியது. 1886-இல் பெரார் பகுதியின் கரஞ்சா சந்தை ஒழுங்குமுறைக்குள் வந்தது. 1897-இல் பெராரில் பருத்தி, தானியச் சந்தைகளுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. இத்தகைய சந்தைகள் நாடெங்கும் வேண்டும் என்று 1928-இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தை இயற்றியது. அதன்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கான முதல் விற்பனைக்கூடம் அமைந்தது. பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், அதை அடுத்து 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டை விரிவாக்கின.

இயங்கும் முறை

உழவர் கொண்டுவரும் பொருள் எடைபோடப்பட்டு, எண்ணிட்ட குவியலாக வைக்கப்படுகிறது. உரிமம் பெற்ற வணிகர்கள் தரத்தைப் பார்த்து, தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுகிறார்கள். இது மறைமுக ஏலம். ஒருவர் எழுதிய விலை மற்றவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து அதிக விலை எதுவெனப் பார்த்து அறிவிப்பார்கள். அந்த விலை கட்டாது என்றால் விற்க மறுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துகிறார்.

விலை சரிந்திருக்கும் நாளில் பொருளைக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன்மீது பொருளீட்டுக் கடன் பெறலாம். அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால்தான் விலை விழுகிறது. கையில் செலவுக்குப் பணம் இருந்தால் காத்திருந்து விற்க முடியும்.

பொருளாதாரத்தில் இடம்

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நிலவுடைமைகளில் சுமார் 86 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. சில மூட்டைகளோடு தனியாக வரும் சிறு உழவருக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு. ஏலக்கூடத்தில் வணிகர்களே ஒருவரோடொருவர் போட்டியிடுவதால் அந்தக் குறை ஓரளவு ஈடாகிறது. அவருக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் விதையாகவும், கிணற்று மோட்டாராகவும், பிள்ளைகளின் படிப்பாகவும் ஊருக்குள்ளேயே செலவாகிறது. கிராமத்துக் கடைகளும் தொழில்களும் அதனால் வளர்கின்றன. தரம் பிரித்த பருத்தி நூற்பாலைக்கும், கொப்பரையும் கடலையும் எண்ணெய் ஆலைக்கும் சீராகச் சேர்வதால் தொழில்துறையும் பயனடைகிறது. வளரும் நாட்டில் விளைச்சலைப் பெருக்குவது பாதி வேலைதான்; விளைவித்தவர் கைக்கு உரிய விலை சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

குறைகளும் மாற்றங்களும்

ஏலத்துக்கு வரும் வணிகர்கள் சிலரே என்றால் அவர்கள் பேசி வைத்துக்கொண்டு விலையைக் குறைக்க இடமுண்டு. விற்பனைக்கூடம் தொலைவில் இருந்தால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய உழவர் அவரிடமே விற்க வேண்டியிருக்கிறது. வெளியூர் வணிகர்களும் ஏலத்தில் பங்குபெற வழிசெய்யும் இ-நாம் என்ற மின்னணுச் சந்தை 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கப்பட்டது. அழுகும் காய்கறிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. இடைத்தரகர் இன்றி உழவரே நுகர்வோருக்கு விற்கும் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது.

எந்த ஏற்பாடாயினும் சரியான எடை, போட்டியில் அமையும் விலை, தாமதமின்றிக் கைக்கு வரும் பணம் ஆகிய மூன்றுமே அதை அளக்கும் அளவுகோல்கள். இம்மூன்றும் உறுதியாகும் இடத்தில்தான் அடுத்த பருவத்துக்கு உழவர் கடனின்றி விதைக்க முடியும்.