பேர் மாறிச்சு, மாத்திரை மாறல: செஞ்சிப் பக்கம் ஒரு மெடிக்கல் கேம்ப்பும் லாக்-அவுட்டோட வரலாறும்

தளவானூர் தெரியுமா உங்களுக்கு? செஞ்சிப் பக்கம். 7-ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைஞ்சு கோயில் எடுத்த ஊர். 'சத்ருமல்லன்'ங்கிற தன்னோட பட்டப்பேரையே கோயிலுக்கு வச்சான், சத்ருமல்லேஸ்வரம்னு. அந்த ஊர்ல நடந்த ஒரு மருத்துவ முகாம்ல நான் பண்ண இருந்த தப்பைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

ரெண்டு டாக்டர், ஒரே லேப்டாப். அந்த அம்மா சாப்பிடப் போனாங்க, லாக்-அவுட் பண்ணிட்டுத்தான் போனாங்க. நான் என் பேர்ல லாக்-இன் பண்ணினேன். மேல என் பேர் வந்துச்சு. அடுத்து வந்தது 70 வயசுப் பாட்டி, பிரஷர் கேஸ். பேரை அடிச்சேன், அம்லோடிபின் சேர்த்தேன், பிரிண்ட் குடுத்தேன்.

மருந்து குடுக்குற இடத்துல இருந்து பாட்டி திரும்பி வந்துட்டாங்க. "எனக்கு சக்கர வியாதியே இல்லீங்களே டாக்டர், சக்கர மாத்திரை எதுக்கு?"

சீட்டை வாங்கிப் பார்த்தா, நான் எழுதின மாத்திரைக்கு மேல கிளிமிபிரைடு! முன்னாடி பார்த்த டாக்டர், வேற ஒருத்தருக்கு எழுதினது. சர்க்கரை நோயே இல்லாத வயசானவங்க அதைப் போட்டா ரத்த சர்க்கரை சரிஞ்சு மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டி கேட்கலைன்னா?

என்ன நடந்திருக்கு பாருங்க. லாக்-அவுட் அழுத்தினப்போ அந்த மென்பொருள் 'யார் உள்ள இருக்காங்க'ங்கிற ஒரு பேரை மட்டும்தான் மாத்துச்சு. காலையில திறந்த நிரல் நிக்காம ஓடிட்டே இருக்கு. பழைய மருந்துப் பட்டியல் அதோட நினைவகத்துல அப்படியே உக்காந்திருக்கு.

இந்தச் சிக்கலுக்கு வயசு 60-ஐத் தாண்டிருச்சு. 1961-ல அமெரிக்காவோட எம்ஐடி-ல ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு சிடிஎஸ்எஸ்-னு ஒரு அமைப்பைச் செஞ்சு காட்டினாங்க. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்துல பயன்படுத்தலாம். ஆளுக்கொரு பாஸ்வேர்டுங்கிற பழக்கமே அங்கதான் வேர் விட்டுச்சு.

1966-ல அங்க ஒரு கூத்து. ஒரு நிர்வாகி, லாக்-இன் பண்றவங்களுக்குக் காட்டுற அன்றைய அறிவிப்பைத் திருத்திட்டிருந்தார். அதே நேரம் இன்னொருத்தர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்திட்டிருந்தார். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் வேலை செய்வார்னு நம்பி எழுதின எடிட்டர் அது. அதனால ரெண்டு பேரோட தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பேர். ரெண்டும் இடம் மாறிப் போச்சு. அதுக்கப்புறம் லாக்-இன் பண்ண ஒவ்வொருத்தர் முன்னாடியும் எல்லாரோட பாஸ்வேர்டும் வரிசையா வந்து நின்னுச்சு! கோர்பட்டோ தன்னோட டூரிங் விருது உரையில இந்தக் கதையைச் சொல்லியிருக்கார்.

அப்புறம் யுனிக்ஸ், விண்டோஸ் என்.டி. எல்லாம் ஆளுக்குத் தனி அறை கட்டிக் குடுத்தாங்க. (விண்டோஸ் 95-ல பாஸ்வேர்டு கேட்கும், எஸ்கேப் பட்டனைத் தட்டினா உள்ள விட்டுரும். அது தனி காமெடி.) இருந்தும் ஏன் பாட்டிக்குச் சக்கர மாத்திரை? ஆஸ்பத்திரி, பில்லிங் கவுன்டர் மாதிரி இடங்கள்ல விண்டோஸ் காலையில ஒரே ஆள் பேர்ல திறந்துடும். ஆள் மாறுறது உள்ள இருக்கிற மென்பொருளுக்கு மட்டும்தான் தெரியும். அப்போ துடைக்கிற பொறுப்பும் அதோடதுதான்.

செஞ்சிக் கோட்டையும் இப்படித்தான். 1649-ல பீஜப்பூர்க்காரங்க பிடிச்சு பாதுஷாபாத்-னாங்க. 1677-ல சிவாஜி கைக்குப் போச்சு. 1690-ல தொடங்கின முற்றுகை 1698-ல முடிஞ்சதும் முகலாயர்கள் நஸ்ரத்கட்-னு பேர் வச்சாங்க. பேர் மாறிட்டே இருந்துச்சு, முந்தினவன் கட்டின மதில் அப்படியே இருந்துச்சு. வந்தவனுக்கு அது லாபம். நோயாளிக்கு அப்படி இல்லையே.

துடைக்க ரெண்டு வழி. ஒவ்வொரு பட்டியலையும் தேடித்தேடி அழிக்கிறது ஒண்ணு. நிரலையே மூடிட்டு புதுசா திறக்கிறது இன்னொண்ணு. முதல் வழி, கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வச்சு திரும்பப் பயன்படுத்தின காலம் மாதிரி. ஒழுங்கா செஞ்சா சரி, ஒரு தடவை விட்டுப்போனா? 1976-ல காங்கோவோட யாம்புக்கு மிஷன் ஆஸ்பத்திரியில வெளிநோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 5 சிரிஞ்சு. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல சரியான கிருமிநீக்கம் இல்ல. எபோலா பரவ அதுவே பெரிய காரணம் ஆச்சு.

ரெண்டாவது வழி டிஸ்போசபிள் சிரிஞ்சு. அழகான நிரலாக்கம் இல்லைன்னு சில பொறியாளர்கள் முகம் சுளிப்பாங்க. என் ஓட்டு இதுக்குத்தான். எதை அழிக்க மறந்தோம்ங்கிற கேள்வியே வராதே.

அன்னைக்கு மதியத்துக்கு மேல நாங்க ஆள் மாறுறப்போ எல்லாம் மென்பொருளை மூடித் திறந்தோம். ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிஷம் ஆச்சு. வரிசையில நின்னவங்க முணுமுணுத்தாங்க. பாட்டி மட்டும் திண்ணையில உக்காந்து, புதுச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சுட்டுத்தான் கிளம்பினாங்க.