உப்பளக் கரையில் வீட்டுக் கிரனோலா

கிரனோலா என்பது தானிய அவலோடு பருப்பும் விதைகளும் சேர்த்து, கொஞ்சம் எண்ணெயிலும் இனிப்பிலும் புரட்டி, மொறுமொறுவென வறுத்தெடுக்கும் காலை உணவு. பாலிலோ தயிரிலோ போட்டு உண்பார்கள். வெறுமனே கொறிப்பவர்களும் உண்டு. இதன் மூத்த வடிவம் பல்லுக்குச் சோதனையாக இருந்தது. அமெரிக்காவின் டான்ஸ்வில் நகரில் நீர்மருத்துவ விடுதி நடத்திய ஜேம்ஸ் காலேப் ஜாக்சன், 1863-இல் முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டார். இரவே பாலில் ஊறவைத்தால்தான் காலையில் மெல்ல முடியும். ஓட்ஸும் பருப்புகளும் தேனும் கலந்த இன்றைய கிரனோலா 1960-களில்தான் பரவியது.

பொரி உருண்டையும் கடலை உருண்டையும் பிடித்துப் பழகிய தமிழ்நாட்டுச் சமையலறைக்கு இந்த வேலை புதிதல்ல. பாகு குறைவு, உருட்டுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையில் முக்கியப் பொருளும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அங்கிருந்து மேற்கே திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பெயர்போனது, டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்கள் அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. கடலையைப் பொறுக்கிப் போடுவது அவசியம். பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பில் அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாக அழியாது.

ஓட்ஸ் அல்லது கெட்டி அவல் 300 கிராம், கடலை 100 கிராம், எள்ளும் பூசணி விதையும் சேர்த்து 50 கிராம், கடலை எண்ணெய் 40 கிராம், வெல்லம் 60 கிராம் என்பது நல்ல அளவு. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண்போக வடிகட்டி, பிசுக்குப் பதம் வரும்வரை காய்ச்சி, எண்ணெயோடு கலந்து மற்றவற்றில் பிசிற வேண்டும். ஓவன் இருந்தால் 150 டிகிரியில் அரை மணி நேரம், நடுவில் இரண்டு முறை கிளறல். இல்லையென்றால் அடிகனமான இரும்புச் சட்டியும் சிறுதீயும் போதும். உலர்திராட்சை போடுவதானால் கலவை ஆறியபின்தான் சேர்க்க வேண்டும்; முன்பே போட்டால் கருகிக் கசக்கும்.

இதில் 40 கிராம் எடுத்தால் வெல்லம் நான்கைந்து கிராம்தான் வரும். ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 190 கிலோகலோரி. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் வெல்லமும் தேனும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மரக்காணத்தில் சிக்கல் காற்றிலேயே இருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் எந்த வறுவலும் நமுத்துப் போகும். ஒரு சிட்டிகை உப்பு சுவையைத் தூக்கும் என்றாலும் உப்பளப் பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பு இதற்கு ஆகாது. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்விடும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். அயோடினும் அதில் இல்லை. பொடித்த, சுத்திகரித்த அயோடின் உப்பே பொருந்தும்.

வெதுவெதுப்போடு மூடினால் நீராவி உள்ளேயே தங்கிவிடும். முழுக்க ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, ஈரக்கை படாமல் எடுத்தால் இரண்டு வாரம் தாங்கும். நமுத்ததை மறுபடி வறுத்துக்கொள்ளலாம். கடலையில் சிக்கு வாடை வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.