மூன்று வேளையும் சாப்பிட்ட மீன்கள்

மடவளையில் மீன் தொட்டி உள்ள வீடுகளில் ஒரு விஷயம் பொதுவானது: தொட்டிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார். எங்களுடையது வியாபாரக்காரர் ஊர். கடை ஓர் ஊரில், குடும்பம் இன்னோர் ஊரில் என்பது வாப்பாமார் காலத்திலேயே பழக்கம். பிறகு சவூதி, கட்டார், டுபாய் என்று பயணம் நீண்டது. ஹஜ்ஜுக்குப் போனால் நாற்பது நாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், கோழியை விற்றுவிடலாம், தொட்டியை என்ன செய்வது? யாரிடமாவது அமானிதமாகத்தான் விடவேண்டும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மாமியிடம் போகும், மீன் சாப்பாட்டு டப்பா மாமியின் மகனிடம் போகும்.

திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கஞ்சி போல வெளுத்திருக்கும். மீன்கள் மேலே மிதக்கும், அல்லது அதுவும் இல்லாமல் தொட்டி காலியாக இருக்கும். "நான் ஒரு நாளும் பட்டினி போடல்ல தம்பி, மூணு நேரமும் போட்டேன்" என்று மாமி கண் கலங்கச் சொல்வார். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மீன்கள் செத்ததற்குக் காரணமே அந்த மூன்று நேரம்தான். நான் விஞ்ஞானம் படிப்பித்துப் பென்ஷன் எடுத்தவன். இதை மாமிமாருக்கு விளங்கப்படுத்துவதைவிடப் பத்தாம் வகுப்புக்கு இரசாயனம் படிப்பிப்பது லேசு.

மீனுக்கு எங்களைப் போல உடம்பைச் சூடாக வைத்திருக்கும் செலவு இல்லை. வளர்ந்த மீன் ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தின்னாமல் மிஞ்சிய உணவு அடியில் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் குறையும், அமோனியா கூடும். அழுகலில் வரும் அமோனியாவோடு மீன் தன் செவுள் வழியாக விடும் அமோனியாவும் சேரும். பில்டர் பஞ்சில் குடியிருக்கும் ஒருவகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியில் வருவது மட்டும்தான் ஓரளவு தீங்கற்றது. அந்தப் பக்டீரியாக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவு வேலைக்குப் பழகியிருக்கும். ஒரே நாளில் வேலையை மூன்று மடங்காக்கினால் அதற்குத் தாங்காது.

தொட்டியில் மீன் வளர்ப்பதை ஒரு பொழுதுபோக்காகப் பரப்பிய இங்கிலாந்துக்காரர்களுக்கு இது தெரியாது. 1850இல் லண்டன் இரசாயனவியலாளர் ரொபர்ட் வாரிங்டன் ஒரு தொட்டியில் தங்கமீனும் தண்ணீர்ச்செடியும் வைத்தார். அழுகிய இலைகளைத் தின்ன நத்தையையும் விட்டார். செடி மீனைக் காக்கும், மீன் செடியைக் காக்கும், மனிதன் கை வைக்கத் தேவையில்லை என்பது அவர் கண்ட கணக்கு. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மண்டபம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் கோஸ் எழுதிய புத்தகத்தோடு அந்த மோகம் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. செர்கேய் வினோகிராட்ஸ்கி நைத்திரேற்றாக்கும் பக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1890இல். அதுவரை நாற்பது வருடம் தொட்டியின் உண்மையான காவல்காரன் யார் என்று தெரியாமலேயே மீன் வளர்த்திருக்கிறார்கள். மாமியைக் குறை சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

சொந்தக்காரன் பக்கத்தில் இல்லாதபோது மீன் சாகும் கதையின் பழைய அத்தியாயங்கள் எல்லாம் கப்பலில் நடந்தவை. 1869இல் சீனாவின் நிங்போவிலிருந்து 100 சொர்க்க மீன்கள் பிரான்சுக்குப் புறப்பட்டன. அனுப்பியவர் அங்கிருந்த பிரெஞ்சுத் தூதர். வழியில் பார்த்துக்கொண்டது கப்பலில் இருந்த ஓர் அதிகாரி. பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை 22. அவற்றைக் கையேற்ற பியர் கார்போனியே குஞ்சு பொரிக்கவும் வைத்தார். சொர்க்க மீன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் இனம். மூச்சுக்குத் தண்ணீரை மட்டும் நம்பும் மீன்களாக இருந்திருந்தால் அந்த 22ம் வந்திருக்காது. இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளமே அப்படித்தான் விழுந்தது: அழகான மீன்கள் எத்தனையோ இருந்தாலும், பிறர் கையில் பிழைத்துக் கரை சேர்ந்த மீன்கள்தான் வளர்ப்பு மீன்கள் ஆயின.

எங்கள் நாட்டு மீன்களுக்கு இதே சோதனை கொழும்புத் துறைமுகத்தில் தொடங்கியது. ஹம்பேர்க் நகரத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் இருந்து யானையும் சிறுத்தையும் ஏற்றினார். அவர் வைத்த விலங்குத் தோட்டம்தான் கைமாறி, 1936இல் அரசாங்கத்திடம் வந்து, தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஆனது. யானையோடு பாகன் போவான். மீனோடு யார் போவது? கப்பல் பணியாளர்கள்தான் தகர வாளிகளில் கொண்டுபோனார்கள். செங்கடலில் வெயில், மத்தியதரைக் கடலில் குளிர். குளிருக்கு வாளிகளை இயந்திர அறைப் பக்கம் நகர்த்தவேண்டும், கையால் காற்றடிக்கவேண்டும், செத்ததை உடனே எடுத்து எறியவேண்டும். உயிரோடு இறங்கினால்தான் காசு என்பதால் அவர்கள் எங்கள் மாமிமாரைவிடக் கொஞ்சம் கல் நெஞ்சோடு சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படிப் போன எங்கள் மீன்களில் இரண்டை உலகமே அறியும். ஒன்று சிங்களத்தில் லே தித்தயா எனப்படும் செர்ரி மீன். அதற்கு 1929இல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. மற்றது புலத் ஹப்பயா. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தலைப்பக்கம் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்துவிடும். அதை 1868இல் விவரித்தவர் லண்டன் பிரித்தானிய நூதனசாலையின் அல்பர்ட் குந்தர். இரண்டு வருடத்துக்கு முன்பு அதே குந்தர் திரினிடாட்டிலிருந்து வந்த இன்னொரு குட்டி மீனுக்கு அதை அனுப்பிய குப்பி என்பவரின் பெயரை வைத்தார். அந்த மீன்தான் எங்கள் கப்பி. சாராயப் போத்தலுக்குள் இரண்டு வருட இடைவெளியில் ஒரே மேசைக்கு வந்த இந்த இரண்டு மீன்களும் போன வழி வேறு. புலத் ஹப்பயா காட்டு நிழலில், கல்லுக்கு மேல் ஓடும் குளிர்ந்த தெளிந்த தண்ணீரில் மட்டும் வாழும். கப்பியை நுளம்புக் குடம்பி தின்னட்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அது மடவளைக் கான்களிலும் இருந்தது. நாங்கள் ஹோர்லிக்ஸ் போத்தலில் பிடித்து வந்து வளர்த்தது அதைத்தான். எவர் கையில் கொடுத்தாலும் அது பிழைக்கும். இன்று இலங்கை ஏற்றுமதி செய்யும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பங்கு கப்பிதான். நாட்டுக்குச் சொந்தமில்லாத மீன் நாட்டுக்கு டொலர் கொண்டுவருவதில் எனக்கு வருத்தமில்லை. அதை வளர்ப்பதால் ஓடையில் வலை போடும் வேலை குறைகிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு விமானமும் பொலித்தீன் பையும் வந்து கப்பல்காரனை வீட்டுக்கு அனுப்பின. பையில் கொஞ்சம் தண்ணீர், மீதிக்கு ஒட்சிசன், வாயை இறுக்கிக் கட்டி ரெஜிஃபோம் பெட்டிக்குள். இலங்கையில் இந்த வியாபாரத்தைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவர் ரொட்னி ஜொங்க்லாஸ். பறங்கியர், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவர், ஆர்தர் சி. கிளார்க்கோடும் மைக் வில்சனோடும் கடலுக்குள் மூழ்கியவர். அயிரை இனத்தில் ஒரு மீனுக்கு அவர் பெயர் இருக்கிறது. பை கட்டும் தொழிலில் ஒரு விதி உண்டு, யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: ஏற்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே மீனுக்குச் சாப்பாட்டை நிறுத்திவிடவேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் பைத் தண்ணீர் நஞ்சாகாது. உலகத்தின் மறுபக்கம் போகும் மீன் பட்டினியால் உயிர் பிழைக்கிறது. மடவளை பஸாருக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் விட்ட மீன் சாப்பாட்டால் சாகிறது.

பை வந்ததும் வழியில் சாவது குறைந்தது, பிடிப்பது கூடியது. புலத் ஹப்பயாவும் செர்ரி மீனும் சில ஓடைகளில் அருகிப் போயின. 1980களின் தொடக்கத்தில் ரணில் சேனநாயக்க என்ற ஆய்வாளர் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளின் மீன்களை எடுத்துக் கினிகத்தேனைப் பக்கம், மகாவலியில் வந்து சேரும் ஓடைகளில் விட்டார். புலத் ஹப்பயா முன்பு மகாவலிப் படுகையில் இருந்ததே இல்லை. கினிகத்தேனையில் மழை அடிக்கும், தண்ணீர் குளிர்ந்து ஓடும், மீனுக்கு அது பழகிய இடம் போலத்தான். எரிக் விக்ரமநாயக்க பிறகு போய்ப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார். மீன்கள் வேர் பிடித்திருந்தன. இடம் மாற்றிய இனம் அங்கிருந்த இனங்களைக் கெடுக்குமே என்று இன்றும் இதை எதிர்ப்பவர்கள் உண்டு, அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனால் மீனை இன்னோர் இடத்தில் அமானிதமாக விட்ட வரலாற்றில் இதைவிடக் கவனமாகச் செய்த காரியம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் உழைத்தார்கள். பிறகு யாரும் சாப்பாடு போடப் போகவில்லை.

எங்கள் பக்கத்து மகாவலி மீன்களுக்கு அந்த யோகம் இல்லை. 1976இல் பொல்கொல்லையில் ஆற்றை மறித்துச் சுரங்கத்தால் உக்குவளைப் பக்கம் திருப்பினார்கள். 1985இல் விக்டோரியா அணை வேலைக்கு வந்தது. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனதை ஊரே பேசியது. பாறை இடுக்குகளில், வேகமாக ஓடும் நீரில் வாழ்ந்த கடெயா மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓடும் ஆற்றுக்குப் பழகிய அந்த மீனின் வாழிடத்தில் ஒரு பகுதி, நின்ற நீர்த்தேக்கமாக மாறியது. நக்கிள்ஸ் மலைக்கு அப்பால், அம்பன் கங்கைப் படுகையில் மட்டும் இருக்கும் ஒரு கெண்டை இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்ததே 1991இல்தான். 1998இல் வந்த உயிர் மீன் ஏற்றுமதி விதிகள் இந்த இரண்டையும் நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாதவை என்று பட்டியலிட்டன. வலையிலிருந்து காக்கச் சட்டம் போட்டாயிற்று. அணைக்கு எதிராகச் சட்டம் போடும் அமைச்சு எது?

வீட்டில் பார்க்க ஆள் இல்லாவிட்டால் சிலர் கண்டுபிடித்த வழி இன்னொன்று உண்டு, எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலில் வெட்டத் தொடங்கிய கண்டி வாவியில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவது. வாவிக்கரையில் பொரி வாங்கிப் போடும்போது வாய் பிளந்து வரும் பெரிய குறாமிகளும் வெளிநாட்டு இனம்தான். அவை ஒரு பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அதே வாவியில் முதலை மூஞ்சி மீன் பிடிபட்டது. அமெரிக்க ஆற்று மீன், ஆளைவிட நீளமாக வளரும். குட்டியாக ஒரு கண்ணாடித் தொட்டியில் அழகாக இருந்திருக்கும். வளர்ந்ததும் மன்னர் வெட்டிய வாவிக்கு அமானிதம். தொட்டிகளிலிருந்து தப்பிய கத்தி மீன் மேல் மாகாணத்து நீர்நிலைகளில் இன்று செய்யும் சேதத்தைப் பார்த்த பிறகாவது எங்கள் ஊரார் இந்தப் பழக்கத்தை விடவேண்டும். விற்ற கடைக்காரனே திருப்பி எடுக்கமாட்டான் என்றால் அந்த மீனை வாங்கவே கூடாது.

இத்தனை காவல்காரர்களையும் நீக்கிவிட்டு நாங்கள் கடைசியில் நம்பியது மின்சார சபையை. பம்பு காற்றடிக்கும், பில்டர் ஓடும், ஆள் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது அந்த நம்பிக்கை போனது. மூடிய பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளேயிருக்கும் பக்டீரியா ஒட்சிசன் இல்லாமல் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் பம்பு அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். மீன்கள் இருட்டில் சாகவில்லை, வெளிச்சம் வந்த பிறகு செத்தன. பெற்றரியில் ஓடும் பம்புக்குக் கடைகளில் அலைந்தார்கள். டீசல் வரிசையில் நின்ற நாட்டில் மீனுக்குக் காற்று தேடுவதைச் சொல்லவே வெட்கப்பட்டார்கள். காற்றைக் குடிக்கும் சண்டைக்கார மீனும் குறாமியும் வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இப்போது தானாகச் சாப்பாடு போடும் கருவி ஒன்று கண்டிக் கடைகளில் தொங்குகிறது. வெளிநாட்டிலிருந்து மருமகன் ஒருவர் எனக்கும் ஒன்று அனுப்பினார். மடவளையின் ஈரத்தில் உள்ளேயிருக்கும் தூள் இரண்டு நாளில் கட்டியாகிவிடும். பிறகு ஒன்றும் விழாது, அல்லது முழுவதும் ஒன்றாக விழும். நான் பயணம் போகும்போது பழைய அப்பியாசக் கொப்பித் தாளைக் கிழித்து, மூன்று நாளைக்கு ஒரு சிட்டிகை என்று பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி வைப்பேன். டப்பாவை அலுமாரிக்குள் பூட்டிச் சாவியை என்னோடு கொண்டுபோவேன். மாமிக்கு அதில் இன்னும் கோபம்.