ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்த ஆறு ஆண்டுகள்

வயிற்றின் வழியே செல்லும் பெருந்தமனியின் சுவர் வலுவிழந்து பலூன்போல் உப்புவதே வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் ஆகும். அது வெடித்தால், உள்ளே குருதி பெருகி உயிர் பிரியும்.

1948 டிசம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் யூத மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசென், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து இவ்வீக்கத்தைக் கண்டார். அதை அகற்றும் முறை அன்று இல்லை. எனவே அதைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். அத்தாள் திசுவை உறுத்தித் தழும்பை உண்டாக்கும். தழும்பு சுவரை இறுக்கிப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

69 வயதில் இச்சிகிச்சை பெற்ற ஐன்ஸ்டைன், தேறி வீடு திரும்பி, பிரின்ஸ்டனில் ஆய்வைத் தொடர்ந்தார். 1952இல் தம்மைத் தேடி வந்த இசுரேல் குடியரசுத் தலைவர் பதவியை மறுத்தார். 1955 ஏப்ரலில், அணு ஆயுதப் போருக்கு எதிரான ரசல்–ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையொப்பமிட்டார்.

இதற்கிடையே, 1951இல் பாரிசில் சார்லஸ் டூபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இறந்தவரின் தமனியை அங்கே பொருத்தினார். பின்னர் செயற்கை இழைக் குழாய்கள் வந்தன. ஆனால் 1955இல் வீக்கம் கசிந்தபோது, மருத்துவர்கள் கூறிய அறுவையை ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. செயற்கையாக வாழ்நாளை நீட்டிக்க அவர் விரும்பவில்லை. ஏப்ரல் 18 அன்று காலமானார்.

செலோஃபேன் நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் அது அளித்த ஆறு ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை.