விழுப்புரம் பாதை முடிந்தது, திண்டிவனம் பாதை முடியவில்லை. ஏன்?



பி.எம்.பி. தேர்வு எழுத வேலை அனுபவம் வேண்டும். அதனால் எங்களைப் போன்ற மாணவர்கள் சி.ஏ.பி.எம். எழுதுகிறோம். வகுப்புத் தோழன் ஒருவன் நேற்று புலம்பினான்: "துவக்கம், திட்டமிடல், செயலாக்கம், கண்காணிப்பு, முடித்தல்னு அஞ்சையும் மனப்பாடம் பண்ணிட்டேன்டா. கேள்வியா வந்தா மட்டும் தப்பாப் போகுது!" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1957ல் டுபாண்ட் கம்பெனி ரசாயன ஆலை வேலைகளுக்காக சி.பி.எம். முறையை உருவாக்கியது. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. பி.எம்.ஐ. அமைப்பு 1969ல் பிறந்தது, பி.எம்.பி. தேர்வு 1984ல் வந்தது. 1996ல் வெளியான பிம்பாக் முதல் பதிப்பில் 37 செயல்முறைகள். 2017ன் ஆறாம் பதிப்பில் 49! (நம் தலையெழுத்து.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதை, சுமார் 122 கி.மீ. அகலப்பாதையாக மாற்ற 2006ல் ரயிலை நிறுத்தினார்கள். கடலூர், சிதம்பரம் மக்கள் மூன்று வருடத்துக்கு மேல் பஸ்ஸில் அல்லாடினார்கள். ஆனாலும் 2010ல் ரயில் ஓடியது. துவக்கம் முதல் முடித்தல் வரை ஐந்தும் நடந்த திட்டம் இது.

அதே 2006ல் திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 70 கி.மீ. அப்போது ரயில்வே இணை அமைச்சராக இருந்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.வேலு. சில சிறு பாலங்கள் கட்டியதோடு வேலை படுத்துவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? விழுப்புரம் பாதையில் தண்டவாளம் போகும் நிலம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ரயில்வே வசம் இருந்தது. திண்டிவனம் பாதைக்கோ வயலையும் வீட்டுமனையையும் வாங்க வேண்டும். பட்ஜெட்டில் அனுமதி கிடைப்பது துவக்கம். நிலம் யாருடையது, எப்போது கைக்கு வரும், அதற்குப் பணம் எங்கே என்று கணக்குப் போடுவது திட்டமிடல். இங்கே அது முடியும் முன்பே செயலாக்கத்தில் கால் வைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

என் நண்பன் தப்பு செய்ததும் இங்கேதான். ஐந்தையும் ரயில் நிலையங்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருபவை என்று நினைத்துவிட்டான். அவை கட்டங்கள் அல்ல, செயல்முறைக் குழுக்கள். நிலம் கிடைக்கவில்லை என்று கண்காணிப்பில் தெரிந்தால் திட்டமிடலுக்குத் திரும்பிப் போக வேண்டும். தேர்வில் "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு விஷயம். திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களைக் கவனிப்பது பிம்பாக் புத்தகத்தில் தனிப் பிரிவானதே 2013ல், ஐந்தாம் பதிப்பில்தான். அதற்கு முன் அது தகவல் தொடர்புப் பிரிவுக்குள் அடங்கிக் கிடந்தது. திண்டிவனத்தில் அடிக்கல் நாட்டி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.

2024ல் ரயில்வே சொன்ன கணக்கு இது: தேவைப்படும் நிலம் 273 ஹெக்டேர், கைக்கு வந்தது 33. செஞ்சிக்காரர்கள் ரயில் ஏற இன்றும் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் பிடித்துத்தான் வருகிறார்கள்.